ராக்கெட் செலவுக்கு வீட்டில் சம்மதம்: வடாலாவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

மாதிரி ராக்கெட் பொழுதுபோக்குக்குக் குடும்பப் பணத்தை எடுக்க நினைப்பவர், கணவரானாலும் மனைவியானாலும், மற்றவருக்குச் சொல்லியாக வேண்டிய விவரங்கள் நான்கு: என்ன வாங்கப்போகிறார், எவ்வளவு ஆகும், வீட்டில் எங்கே வைப்பார், எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போகும். வடாலா, மாட்டுங்கா, செம்பூர் பக்கத்தில் ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. இங்கே சட்டப்படி எதைச் செய்ய முடியும் என்பதுதான் அது. பலரும் அதைக் கடைசியில் பார்க்கிறார்கள். முதலில் பார்த்தால் வாங்கும் பட்டியலில் பாதி அங்கேயே அடிபட்டுப்போகும். கேட்க வேண்டிய தொகையும் இறங்கிவிடும்.

முதலில் சட்டம்

மாதிரி ராக்கெட் என்று உலகம் சொல்வது 1950-களின் அமெரிக்காவில் உருவான ஒரு பொழுதுபோக்கு. அட்டைக் குழாய் உடல், பால்சா மர வால்சிறகு, பிளாஸ்டிக் மூக்குக் கூம்பு, உள்ளே கருமருந்து அடைத்த, ஒரே ஒருமுறை எரியும் சிறு எந்திரம். எஸ்டெஸ் நிறுவனம் 1958 முதல் இந்த எந்திரங்களைத் தயாரித்துவருகிறது. அவற்றின் திறன் ஆங்கில எழுத்தில் குறிக்கப்படும். ஏ வகையின் மொத்தக் கணத்தாக்கு அதிகபட்சம் 2.5 நியூட்டன்-வினாடி, பி வகைக்கு 5, சி வகைக்கு 10, டி வகைக்கு 20. ஓர் எழுத்து ஏறினால் திறன் இரட்டிக்கிறது, விலையும் கூடவே ஏறுகிறது. இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி வீட்டில் எழும் பயமும் இதைப் பற்றியதுதான். முதல் ராக்கெட்டின் விலை யாரையும் உறுத்துவதில்லை. அடுத்த எழுத்துக்கு ஆசை போகும் என்பதுதான் கவலை.

இந்தியாவில் அந்த ஏணி தனிநபருக்குப் பெரும்பாலும் மூடிக்கிடக்கிறது. கருமருந்து அடைத்த எந்திரம் வெடிபொருள். 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008-இன் வெடிபொருள் விதிகளும் அதைத் தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் உரிமம் கேட்கின்றன. அதைக் கண்காணிக்கும் பெசோ அமைப்பின் தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வரும் மைத்துனர் பெட்டியில் போட்டுக்கொண்டு வரவும் முடியாது. விமானத்தில் கைப்பையிலும் சரி, சரக்குப் பெட்டியிலும் சரி, வெடிபொருளுக்கு இடமில்லை. அட்டைக் குழாய், பாராசூட், உயரமானி போன்றவற்றை அவர் தாராளமாகக் கொண்டுவரலாம். சிவகாசி ராக்கெட்டைப் பிரித்து மருந்தை எடுப்பதும், வீட்டிலேயே எரிபொருள் கலக்கிப் பார்ப்பதும் குற்றம். விரல் போகும், கண் போகும், சமையலறையில் காஸ் சிலிண்டர் இருக்கும் வீட்டில் வீடே போகும். இந்த வரியை ராக்கெட் ஆசைப்படுபவர் தாமாகவே முதலில் சொல்லிவிட வேண்டும். எதிரில் இருப்பவர் கேட்ட பிறகு சொன்னால் அது வாக்குறுதி மாதிரி இராது, சமாளிப்பு மாதிரி இருக்கும்.

வடாலாவின் வானமும் எளிதல்ல. சாந்தாகுருஸ் விமான நிலையம் சில கிலோமீட்டர் தூரத்தில்தான். கிழக்கே மாஹுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், அதைத் தாண்டினால் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம். மும்பை காவல்துறை டிரோன், பாராகிளைடர், தூர இயக்கி விமானம் ஆகியவற்றுக்கு அடிக்கடி தடையாணை போடுகிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 163-ஆம் பிரிவு. உப்பளங்களும் சிவ்டிச் சேற்றுவெளியும் காலியாகத் தெரிந்தாலும் யாருக்கும் சொந்தமில்லாத நிலங்கள் அல்ல. சிவ்டியில் பூநாரைகள் இரை தேடும் மாதங்களும் ராக்கெட் விடத் தோதான மாதங்களும் ஒன்றே. நவி மும்பை விமான நிலையம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டதால் பன்வேல் பக்கமும் இப்போது யோசித்துச் செய்ய வேண்டிய இடமாகிவிட்டது.

செங்கல்பட்டு மாவட்டத்துத் திருவிடந்தையில் 2024 ஆகஸ்ட் 24 அன்று ருமி-1 ராக்கெட் கிளம்பியதைக் காட்டி, அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று கேட்பவர் உண்டு. அது ஒரு நிறுவனம், முன்னனுமதியோடு, கடலை நோக்கி விட்டது. கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வேறொரு நேர்வழி இருக்கிறது. விண்வெளித் துறையின் இன்-ஸ்பேஸ் அமைப்பும் அஸ்ட்ரோநாட்டிக்கல் சொசைட்டி ஆஃப் இந்தியாவும் சேர்ந்து 2025-இல் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் மாணவர் மாதிரி ராக்கெட் போட்டி நடத்தின. எந்திர ராக்கெட்டை அப்படிப்பட்ட மேற்பார்வையில் பார்ப்பதே முறை. வீட்டுப் பட்ஜெட்டில் அதற்கு வரி எழுதக் கூடாது.

எதைக் கேட்பது

மிச்சமிருப்பது தண்ணீர் ராக்கெட், அதற்கான மின்னணுக் கருவி, கணினியில் வடிவமைப்பு. இதைக் குறைவாக எண்ண வேண்டாம். ஈர்ப்பு மையம், அழுத்த மையம், காற்றுத்தடை, பாராசூட் திறக்கும் நேரம் என்று எந்திர ராக்கெட்டில் மண்டையை உடைக்கும் எல்லாக் கணக்கும் இதிலும் உண்டு. நெருப்பு மட்டும் இல்லை.

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்தான் உடல். வாயு கலந்த பானத்தின் பாட்டிலாக இருக்க வேண்டும். சாதாரணக் குடிநீர் பாட்டில் மெல்லியது, அழுத்தம் தாங்காது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் 60 பி.எஸ்.ஐ. வரை காற்றடைத்து, ஏவுமேடையின் பிடியை விடுவித்தால் தண்ணீர் பீறிட்டு வெளியேற, பாட்டில் பத்து மாடி உயரத்துக்குப் போகும். வால்சிறகுக்குப் பழைய பெட்டியின் நெளிவு பிளாஸ்டிக் தகடு போதும். மூக்குக்கு இன்னொரு பாட்டிலின் மேல்பகுதி, பாராசூட்டுக்குக் குப்பைப் பை. நிமிர்ந்து பறக்குமா என்று தெரிந்துகொள்ளக் கயிற்றுச் சோதனை ஒன்று இருக்கிறது: ராக்கெட் கிடைமட்டமாகச் சமநிலையில் தொங்கும் இடத்தில் கயிற்றைக் கட்டித் தலைக்கு மேலே சுழற்ற வேண்டும். மூக்கு முன்னே போனால் சரி. வால் முன்னே வந்தால் மூக்கில் எடை கூட்ட வேண்டும், அல்லது சிறகைப் பெரிதாக்க வேண்டும். ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்கு முன்னால் குறைந்தது ஒரு பாட்டில் விட்டமாவது இருக்க வேண்டும் என்பது பொது விதி.

எந்திர ராக்கெட் ஆசை தீராதவருக்கு ஓப்பன்ராக்கெட் என்ற மென்பொருள் இருக்கிறது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சாம்போ நிஸ்கானென் 2009-இல் எழுதிய முதுநிலை ஆய்வேட்டில் பிறந்தது, இலவசம். டி எழுத்து என்ன, அதற்கு மேலும் போய்த் திரையில் பறக்கவிடலாம். சம்மதம் கேட்காமல் செய்யக்கூடிய ஒரே பகுதி இதுதான்.

கணக்குத் தாள்

வாயால் சொல்லும் தொகையை யாரும் நம்புவதில்லை, சொல்பவர் உட்பட. ஒரே தாளில், கையெழுத்தில், மூன்று பகுதியாக எழுதுவது நல்லது. கீழே வருவது ஒரு மாதிரிக் கணக்கு. விலை கடைக்குக் கடை மாறும்.

ஒருமுறைச் செலவு: அழுத்தமானி வைத்த, நின்றபடி அடிக்கும் சைக்கிள் பம்ப் 1,100 ரூபாய். ஏவுமேடைக்கான பி.வி.சி. குழாய், இணைப்பு, சைக்கிள் டியூப் வால்வு, கயிறு எல்லாம் சேர்ந்து 500. இரண்டு பாதுகாப்புக் கண்ணாடி 300. உயரமானி செய்ய லாமிங்டன் ரோட்டில் வாங்கும் சிறு கணிப்பலகை, காற்றழுத்த உணரி, பேட்டரி 1,400. ஆக 3,300.

பருவச் செலவு: பசை, டேப், தகடு, பாட்டில் என்று மாதம் 250. அக்டோபர் முதல் மே வரை எட்டு மாதத்துக்கு 2,000. மழைக்காலத்தில் விட முடியாது. அந்த நான்கு மாதம் செய்வதற்கும் பழுது பார்ப்பதற்கும்.

மூன்றாவது பகுதியைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள். சற்று உயரமாக விடுவதற்குக் கர்ஜத் பக்கம், நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, வருடத்தில் நான்கு முறை போவதாக வைத்துக்கொள்வோம். காரில் போனால் பெட்ரோல், சுங்கம், காலைச் சிற்றுண்டி எல்லாம் சேர்த்து ஒரு பயணத்துக்கு 1,200, நான்குக்கு 4,800. மொத்தம் 10,100 ஆகிறது. அதில் கிட்டத்தட்டப் பாதி, ராக்கெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத பயணச் செலவு. வடாலா ரோட்டில் ஹார்பர் லைன் ஏறி, குர்லாவில் மாறி, கர்ஜத் லோக்கலில் இருவர் போய்வந்து அங்கே ஷேர் ஆட்டோவும் பிடித்தால் 250-க்குள் அடங்கும். நான்கு பயணத்துக்கு 1,000. மொத்தம் 6,300, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 525.

இந்த இரண்டு மொத்தத்தையும் தாளில் விட்டுவைக்க வேண்டும். பெரிய தொகையை அடித்துச் சின்னதை எழுதியிருப்பது, கேட்பவர் ஏற்கெனவே ஒருமுறை தம் ஆசையைக் குறைத்துக்கொண்டார் என்பதற்குச் சாட்சி. ஆனால் பேரம் பேசுவதற்கென்றே பெரிய தொகையை ஊதி எழுதுவது கூடாது. மாட்டுங்கா மார்க்கெட்டில் தினம் காய்கறி வாங்குபவரிடம் அந்த வித்தை எடுபடாது.

பம்ப் வீட்டுச் சைக்கிளுக்கும் ஆகும், அதைச் சொல்லலாம். உயரமானி வீட்டுக்கு எதற்கும் ஆகாது. ஆகும் என்று சொல்ல வேண்டாம்.

இடமும் ஞாயிறும்

வடாலாவின் போர்ட் டிரஸ்ட் குடியிருப்பு ஆகட்டும், ஆன்டாப் ஹில் அரசு குவார்ட்டர்ஸ் ஆகட்டும், பணத்தைவிட அரிதான பொருள் தரை. மாதம் 525 ரூபாய்க்குத் தலையாட்டுபவர், கதவுக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் பி.வி.சி. குழாய் சாய்ந்து நிற்பதை ஒரு வாரம்கூடப் பொறுக்கமாட்டார். எனவே இடத்தையும் தொகையைப் போலவே அளந்து சொல்ல வேண்டும்: பரணில் ஒரு பெட்டி, இன்ன நீளம், இன்ன அகலம். பெட்டி நிறைந்தால் பழையது ஒன்று வெளியே போன பிறகே புதியது உள்ளே வரும். ஏவுமேடையைப் பிரித்துக் கட்டும் வகையில் செய்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. பசை காயும் இரண்டு நாளும் சாப்பாட்டு மேசையைத் தொடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைக்கும் இதே கண்டிப்பு வேண்டும். கடற்காற்று ஏறுவதற்கு முன், காலை ஏழு முதல் ஒன்பது வரைதான் ராக்கெட்டுக்கு உகந்த நேரம். வெளியூர்ப் பயணம் இல்லாத வாரத்தில் பத்து மணிக்குக் கையில் இட்லி மாவோடு வீடு திரும்பிவிடலாம். பயணம் போகும் நான்கு நாளையும் காலண்டரில் முன்கூட்டியே குறித்து, பள்ளித் தேர்வும் ஊர்க் கல்யாணமும் வரும் தேதிகளைத் தவிர்க்க வேண்டும். ஒருவர் ஞாயிறு காலை வெளியே போவதென்றால் வீட்டு வேலை மற்றவர் தலையில் விழுகிறது. அதற்கு ஈடாக எந்த வேலையை, எந்தக் கிழமை ஏற்றுக்கொள்வது என்பதும் தாளில் வர வேண்டும். இந்த வரி இல்லாத தாள் முழுமையான கணக்கல்ல.

ஆபத்து என்று சொன்னால்

தண்ணீர் ராக்கெட்டில் நெருப்பு இல்லையே தவிர ஆபத்து இல்லாமல் இல்லை. அடைத்த காற்று பாட்டிலைக் கிழித்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் காயம் நிச்சயம். கீறல் விழுந்த பாட்டிலையும், வெயிலில் கிடந்த பாட்டிலையும், சூடான பசை ஒட்டிய பாட்டிலையும் பயன்படுத்தக் கூடாது. வெப்பம் பிளாஸ்டிக்கைப் பலவீனமாக்கும். காற்றடிக்கும் குழாய் சில மீட்டர் நீளம் இருக்க வேண்டும், பிடியைத் தூரத்திலிருந்து கயிற்றால் இழுக்க வேண்டும், நிற்பவர் எல்லோரும் கண்ணாடி போட வேண்டும்.

இதை விளக்குவதைவிடக் காட்டிவிடுவது எளிது. குளியலறையில் ஒரு வாளி. பாட்டில் முழுக்கத் தண்ணீர், துளிக் காற்றும் இல்லாமல். அதை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, வெளியே நின்று பம்பால் 80 பி.எஸ்.ஐ. வரை ஏற்றி, சில நிமிடம் விட்டுவைக்க வேண்டும். தண்ணீர் அமுங்காத பொருள். பாட்டில் கிழிந்தாலும் பெரிதாக வெடிக்காது, தண்ணீர் கசியும், அவ்வளவுதான். தாங்கிய பாட்டிலின் மேல் தேதி எழுதி வைப்பது வழக்கம். பறக்கும்போது 60-க்கு மேல் போவதில்லை என்பதால் சோதனை அழுத்தத்துக்கும் பறக்கும் அழுத்தத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. முள் 80-இல் நிற்பதைக் கண்ணால் பார்த்தவரிடம் பாதுகாப்பைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்காது.

இன்னொரு ஆபத்து இந்த நகரத்துக்கே உரியது. குழாய், ஒயர், பேட்டரி, விட்டுவிட்டு மின்னும் சிவப்பு விளக்கு ஆகியவற்றைப் பையில் திணித்துக்கொண்டு லோக்கல் ரயிலில் ஏறுவது மும்பையில் சிறுபிள்ளைத்தனம். 2006 ஜூலை 11 அன்று மாட்டுங்கா ரோடும் மாஹிமும் பார்த்த ரயில் குண்டுவெடிப்புகளை இந்தப் பகுதி மறக்கவில்லை. பேட்டரியைக் கழற்றித் தனியாக, மற்றதை உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பையில் கொண்டுபோக வேண்டும். பிளாட்பாரத்தில் நின்று போனில் ‘ராக்கெட் ரெடி’ என்று கத்தாமல் இருப்பதும் நல்லது. உள்ளூர் மைதானத்தில் விடுவதானால் மைதானத்தைப் பராமரிப்பவரிடம் அனுமதி. கட்டட மொட்டை மாடி என்றால் சொசைட்டி செயலாளர் அனுமதித்தாலும் விடக் கூடாது, இறங்குவது அடுத்த கட்டடத்துக் கார் மேல்.

பேச்சு

மகாராஷ்டிரத்தில் பள்ளி திறக்கும் ஜூன் மாதம் பணம் கேட்க ஏற்றதல்ல. கட்டணம், சீருடை, மழைக்கு முன் கூரை ஒழுகல் எல்லாம் சேர்ந்து வரும். போனஸ் கைக்கு வரும் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு கேட்பது பொருத்தம். பட்டாசுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை இதற்கு மாற்றலாமா என்ற கேள்விக்கு அப்போது இடம் இருக்கும். ஒரே இரவில் கரிவதற்குப் பதில் எட்டு மாதம் வரும்.

தாளை முன்னால் வைத்து, சுருக்கமாகச் சொன்னால் போதும். மனைவி கணவரிடம் கேட்பதாக இருந்தால் பேச்சு இப்படி அமையலாம்: “ஏங்க, மாசம் ஐநூத்தி இருபத்தஞ்சு ரூபா. வருஷத்துக்கு ஆறாயிரத்து முந்நூறைத் தாண்டாது. தாண்டுச்சுன்னா மிச்சம் என் கைச்செலவுல போகட்டும். பெட்டி பரண்ல ஒண்ணுதான். பாத்துட்டு நாளைக்குச் சொல்லுங்க, இப்பவே வேணாம்.” கடைசி வாக்கியம் முக்கியமானது. உடனே பதில் கேட்டால் உடனே கிடைப்பது பெரும்பாலும் ‘இல்லை’தான்.

சொல்லக் கூடாதவை சில. தும்பாவில் சைக்கிளில் மூக்குக் கூம்பு போன படத்தைக் காட்டி, இந்திய விண்வெளித் திட்டமே இப்படித்தான் ஆரம்பித்தது என்று வாதாடுவது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து கிளம்பிய நைக்-அபாச்சி ராக்கெட்டுக்குச் செலவழித்தது குடும்பம் அல்ல. அப்துல் கலாமை இழுப்பதும் அப்படியே. அவர் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் புன்னகைக்கலாம், பர்ஸைத் திறக்கமாட்டார். ‘பிள்ளையின் படிப்புக்கு உதவும்’ என்பதைப் பிள்ளைக்கு உண்மையில் ஆர்வம் இருந்தால் மட்டும் சொல்லலாம். ஆர்வமில்லாத பிள்ளையைச் சாக்காக வைத்தால், மூன்றாவது வாரம் மைதானத்தில் பெரியவர் மட்டும் நிற்பார்.

பார்சலை அலுவலக முகவரிக்கு வரவழைப்பது எல்லாவற்றிலும் மோசம். யு.பி.ஐ. வரலாறு என்ற ஒன்று இருக்கும் காலத்தில் அது ஒரு மாதம்கூட மறையாது. அதன்பிறகு தாளில் எழுதிய எந்த எண்ணுக்கும் மதிப்பு இருக்காது.

சமபங்கு ஏற்பாடு பல வீடுகளில் சண்டையைத் தவிர்க்கிறது. இருவருக்கும் ஒரே தொகை, கேள்வி கேட்காத கைச்செலவாக. ஒருவர் ராக்கெட்டுக்கு மாதம் 525 எடுத்தால் மற்றவருக்கும் 525; அவர் அதைப் புடவைச் சீட்டில் போடட்டும், நகைக்கடைச் சேமிப்பில் போடட்டும், கிங்ஸ் சர்க்கிளில் தோசை சாப்பிடட்டும். இதற்கு ஆண்டுக்கு 12,600 ஆகும். வருமானம் அதற்கு இடம் தராவிட்டால் இரண்டையும் பாதியாக்க வேண்டும். ஒன்றை மட்டும் அல்ல.

மறுப்பு வந்தால்

‘வேண்டாம்’ என்பதற்குப் பின்னால் இருப்பது பணமா, இடமா, ஞாயிறா, பயமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு மட்டும் பதில் தேட வேண்டும். பணம் என்றால் மின்னணுவை முதல் ஆண்டு விட்டுவிடலாம்; 1,400 குறையும், உயரத்தைக் கோணம் பார்த்துக் கணக்கிடலாம். ஏவுமிடத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ராக்கெட் 45 பாகைக் கோணத்தில் தெரிந்தால் உயரம் அதே 30 மீட்டரும் அவர் கண்மட்டமும் சேர்ந்தது. இடம் என்றால் பொருள்களை அக்கம்பக்கத்துப் பள்ளி ஆய்வகத்துக்கே கொடுத்து, அங்கே மாணவரோடு சேர்ந்து செய்யலாம். ஞாயிறு என்றால் கர்ஜத் பயணங்களை நான்கிலிருந்து இரண்டாக்கலாம். பயம் என்றால் வாளிச் சோதனை. நான்கும் இல்லை, வெறுமனே பிடிக்கவில்லை என்றால், அந்த ஆண்டு ஓப்பன்ராக்கெட்டோடு நிறுத்திக்கொள்வதே சரி.

சம்மதம் கிடைத்த வீட்டில் தாளின் பின்புறத்தை வரவு செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். வாங்கிய அன்றே எழுத வேண்டும், ரசீதையும் அதோடு குத்தி வைக்க வேண்டும். மே மாதம் முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து எழுதிய தொகையையும் ஆன தொகையையும் ஒப்பிட வேண்டும். மிச்சமிருந்தால் அது பொதுக் கணக்குக்குத் திரும்பும். அடுத்த பருவத்துக்குச் சேர்த்துவைத்துப் பெரிய பொருளாக வாங்குவது புதிய சம்மதத்துக்கு உட்பட்டது. மீறியிருந்தால் மீறிய தொகை அடுத்த ஆண்டின் 250-களிலிருந்து கழியும். இரண்டாம் ஆண்டுத் தாளில் ஒருமுறைச் செலவு இருக்காது என்பதால் பயணமும் பருவச் செலவும் மட்டும் 3,000, மாதம் 250. செப்டம்பரில் புதிய தாளை எழுதும்போது மே மாதத் தாளையும் அதோடு இணைத்துக் கொடுக்க வேண்டும்.